ஒருமுறை விழுந்த ஹெல்மெட்

ஊசி குத்துவதற்கு முன்னால் "வலிக்கும்" என்று சொல்லிவிடுவார். வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எறும்பு கடித்த மாதிரி இருக்கும், கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முதல் நாள் என் அம்மா மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். ஊசியை எடுத்த பிறகு, "ஒண்ணும் அப்படி வலிக்கலியே" என்றாள்.

"இன்னிக்கு வலிக்கலம்மா. நாளிக்கு எப்டின்னு நாளிக்குதான் தெரியும்," என்றார் அக்கா.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ராஜா அண்ணாமலைபுரத்திலும் மந்தைவெளியிலும் அவரைத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. எல்லோருக்கும் அவர் ஊசிக்கார அக்கா. எனக்கு வெறும் அக்கா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பல வருஷம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு உதவியாளராக இருந்து வேலையைக் கற்றுக்கொண்டவர். அந்த ஆஸ்பத்திரி மூடிய பிறகு வீடு வீடாகப் போய் இன்சுலின் போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது என்று பிழைத்தார். பட்டினப்பாக்கத்து வீட்டிலிருந்து காலை ஆறு மணிக்கு சைக்கிளை எடுப்பார். லேடீஸ் சைக்கிள். ஹேண்டில்பாரில் மாதா படம், முன்கூடையில் மருந்துப் பை. அம்மாவுக்குச் சர்க்கரையால் கண் மங்கி, சிரிஞ்சில் உள்ள கோடுகள் தெரியாமல் போன பிறகு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். சரியாக ஏழு மணிக்கு மணியடிக்கும்.

பொய் சொல்ல வராது அவருக்கு. பெரிய கொள்கை என்று அதை அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்கு விசிலடிக்க வராது, அதுபோல. அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "அந்தப் பச்சதாம்மா நல்லாக்கீது உனக்கு. இது கண்ணக் குத்துது" என்பார். நான் போட்ட காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி ஜாஸ்தி நைனா" என்று சொல்லிவிட்டு மீதியையும் குடிப்பார். அம்மா அதற்காகவே அவர் வரவுக்குக் காத்திருப்பாள். சுற்றியிருக்கும் எல்லோரும் தன்னிடம் தேனாகப் பேசத் தொடங்கிவிட்ட வயது அவளுக்கு.

ஒருநாள் வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாக வந்துவிட்டார். என்னவென்று கேட்டேன். முதல் வீட்டில் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த வீட்டுப் பெரியவருக்குப் புற்றுநோய். வலிக்கான ஊசியை, "சத்து ஊசின்னு சொல்லிப் போடுங்க" என்று பிள்ளைகள் அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். அக்கா எதுவும் சொல்லாமலேயே போட்டுக்கொண்டிருந்தார். அன்று பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இது சத்து ஊசிதானேம்மா?" என்று கேட்டுவிட்டார்.

"என்ன சொன்னீங்க?"

"சத்து ஊசி இல்லய்யா, இன்னா ஊசின்னு உன் புள்ளயக் கேளுன்னேன்."

"ஆமான்னு சொல்லியிருக்கலாமேக்கா. பாவம், பெரியவர்."

"கைய புட்ச்சிகினு கேக்கறாரு நைனா. எப்டி ஆமான்றது?"

இந்த அக்காவிடம்தான் நான் பொய் சொன்னேன்.

அந்த நாட்களில் நான் ஒரு சைக்கிள் குழுவில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் அடையாறில் கூடி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போய்த் திரும்புவோம். ஹெல்மெட் இல்லாவிட்டால் வரக்கூடாது என்பது குழுவின் ஒரே சட்டம். அந்தச் சட்டத்தைப் பற்றி எல்லோரையும்விட உரக்கப் பேசுபவன் நான். தினமும் எங்கள் வாசலில் ஒரு பெண் வெறும் தலையோடு சைக்கிளில் வந்து இறங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஹெல்மெட் போடுங்கக்கா என்று ஆரம்பித்தேன். மாதக்கணக்கில் சொன்னேன்.

அவர் சும்மா தலையாட்டுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி வைத்திருப்பார்.

"போலீஸு கேப்பானா?"

"சைக்கிளுக்குக் கேக்க மாட்டாங்க."

"அப்ப சட்டமில்ல. என் தம்பி அலைல போறான், வல இழுக்கறான், அவனுக்கே ஒண்ணும் இல்ல. நான் ரோட்டோரமா நடக்கற வேகத்துல போறன். எனக்கெதுக்கு?"

இன்னொரு நாள், "வேகமா வர்றவன் காருக்காரன். அவன மெதுவா ஓட்டுன்னு யாரும் சொல்லல. என் தலைய கட்டிக்கச் சொல்ற. இது இன்னா நாயம்?" என்று கேட்டார். நியாயம் இல்லைதான் அக்கா, ஆனால் விழுவது உங்கள் தலைதானே என்றேன். அதை அவர் யோசித்தார்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "பஸ்ஸு ஏறுனா இது தாங்குமா?"

"தாங்காது."

"பின்ன?"

"சைக்கிள்லேர்ந்து கீழ விழுந்து தலை தரையில அடிச்சா தாங்கும். அதுக்குத்தான் செய்யறாங்க. பஸ்ஸுக்கு இல்ல."

என்னைப் பார்த்துச் சிரித்தார். "தாங்கும்னு சொல்லுவன்னு நென்ச்சேன். உண்மையச் சொல்லிட்ட. சரி, எங்க கெடைக்கும் சொல்லு. ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிட்டுப் போயி ஒண்ணு வாங்கியாறன்."

கடையின் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். அத்தோடு என் வேலை முடிந்திருக்கும். நான், "எதுக்குக்கா வாங்கணும்? எங்கிட்டயே ஒண்ணு சும்மா இருக்கு. நாளைக்கு எடுத்து வெக்கறேன்" என்றேன்.

அந்த ஹெல்மெட்டோடு நான் விழுந்திருந்தேன். மூன்று வாரத்துக்கு முன், கொட்டிவாக்கம் தாண்டி, சாலையோரத்து மணலில் சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்தேன். நடைபாதையின் சிமெண்ட் விளிம்பில் தலை மோதியது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு வீடுவரை ஓட்டி வந்துவிட்டேன். மறுநாள் சைக்கிள் கடையில் மெக்கானிக் அதை வாங்கி உட்புறத்துத் தெர்மாகோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மயிரிழை மாதிரி ஒரு கோடு விரிந்து மூடியது.

"சார், இது வேலைய முடிச்சிடுச்சு. இனிமே இது தொப்பிதான். புதுசு வாங்கிக்குங்க. இத்த குப்பைல போடும்போது ஒடச்சிட்டுப் போடுங்க, நல்லாருக்கேன்னு யாராச்சும் எடுத்து மாட்டிக்கப் போறாங்க."

புதியது வாங்கினேன். பழையதை உடைக்கவில்லை. வெளியே பார்த்தால் ஒரு பக்கம் சிராய்ப்பு மட்டும்தான். விலை உயர்ந்த பொருள். மனசு வரவில்லை, அலமாரி மேல் வைத்திருந்தேன்.

அக்காவுக்காக அதை எடுத்துத் துடைத்தேன். சிராய்ப்பின் மேல் சிவப்பாக ஒளிரும் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினேன். ஒட்டும்போது என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கெட்ட எண்ணம் இல்லை. ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் என்று நினைத்தேன். அக்கா போகும் வேகத்துக்கு இது போதும் என்று நினைத்தேன். கொடுக்கிறவனாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மட்டும் அன்று நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மாவுக்கு ஊசி போட்டு முடித்துவிட்டு ஹெல்மெட்டைக் கையில் வாங்கினார். மருந்துப் பெட்டியில் காலாவதித் தேதி தேடுகிறவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கீழ வுழுந்துச்சா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இல்லக்கா. வாங்கி அப்படியே வெச்சிருந்தேன். எனக்கு சைஸ் சேரல."

எவ்வளவு சுலபமாக வந்தது. சைஸைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை, அதையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா கொண்டையைக் கழற்றிக் கீழே இறக்கி முடிந்துகொண்டார். பட்டையை நான்தான் அவர் தாடைக்கு அளவாக இழுத்துவிட்டேன்.

அதன்பிறகு ஒருநாள்கூட அவர் அது இல்லாமல் சைக்கிள் ஏறியதில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், "இன்னாக்கா, ராக்கெட்டா வுடப் போற?" என்று தினமும் கேட்பார். "வுழுந்தா தரையில அடிக்கிறதுக்கு. பஸ்ஸுக்கு இது தாங்காது" என்று அக்கா நின்று நிதானமாகப் பதில் சொல்வார். என்னுடைய வார்த்தைகளையே சொல்வார். ஒரே வருஷத்தில் பால் போடுகிறவரும் எதிர் வீட்டில் சமைக்க வரும் பெண்ணும் ஹெல்மெட் வாங்கிவிட்டார்கள். நான் குழுவில் பேசிப் பேசி மாற்ற முடியாத ஆட்களை அவர் ஒற்றை வரியில் மாற்றினார். அவர் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று ஊருக்குத் தெரியும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏழு மணிக்கு வந்து ஊசி போட்டுவிட்டுப் போனவர், எட்டு மணிக்குத் திரும்பி வந்து வாசலில் நின்றார். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

"நைனா, அம்மாக்கு ரெண்டு யூனிட்டு ஜாஸ்தி போட்டுட்டனோன்னு ஒரு சந்தேகம். அடுத்த ஊட்ல மருந்து எடுக்கும்போதுதான் நெனப்பு வந்துச்சு. சக்கர எறங்கும். அம்மாவ எழுப்பு."

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். அம்மாவுக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அரைமணிக்கொரு தடவை பார்த்தார். மற்ற வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, "இங்க ஒரு ஊட்ல தப்புப் பண்ணிட்டன், பாத்துட்டு லேட்டாத்தான் வருவன்" என்று சொன்னார். உடம்பு சரியில்லை, சைக்கிள் பஞ்சர் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம்.

"நீ வந்து சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதேடியம்மா," என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியுமில்ல?" என்றார் அக்கா.

துண்டை எடுத்துக்கொண்டு நின்றவன் நான். செருப்பு அலமாரிமேல் அவர் கழற்றி வைத்த ஹெல்மெட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. "அக்கா" என்று ஆரம்பித்தும்விட்டேன். "இன்னா நைனா?" என்று நிமிர்ந்தார். "காப்பி தரட்டுமா?" என்று கேட்டேன்.

மறு வருஷம் மாசி மாதம் அது நடந்தது. மந்தைவெளி மார்க்கெட் பக்கம் நின்றிருந்த ஒரு காரின் கதவு பட்டென்று திறந்தது. அக்கா கதவில் மோதி, இடது பக்கமாகச் சாலையில் விழுந்தார். நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். பஸ் இல்லை, லாரி இல்லை. தலை தரையில் அடித்தது. எதற்காக அதைச் செய்கிறார்கள் என்று நான் சொன்னேனோ, சரியாக அதே விழுதல். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது.

மண்டையோட்டில் இடது காதுக்கு மேல் எலும்பு விரிசல் விட்டிருந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்துக்கொண்டார். இடது காது போயிற்று. எழுந்து நின்றால் தலை சுற்றியது. சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. சைக்கிளும் போயிற்று, ஊசியும் போயிற்று.

"இதுவும் இல்லாம இருந்திருந்தா ஸ்பாட்லயே போயிருப்பாங்க" என்று டாக்டர் சொன்னாராம். அக்காவின் தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார். மீன் பிடிக்கிறவர், கறுத்த பெரிய உடம்பு. கண்ணில் தண்ணீர். "நீ குடுத்ததுதான் சார் காப்பாத்திச்சு." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அன்றிரவு எங்கள் குழுவின் வாட்ஸப்பில் எழுதினேன். எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவை ஹெல்மெட் போட வைத்த கதை, பிளந்த ஹெல்மெட், பிழைத்த உயிர். கைதட்டல்களும் இதயங்களும் வந்து விழுந்தன. ஒருவர் மட்டும் கேட்டிருந்தார்: "நல்ல ஹெல்மெட்னா இவ்வளவு அடி பட்டிருக்காதே, என்ன மாடல்?" அதற்கு நான் பதில் எழுதவில்லை.

புதியதாக இருந்திருந்தால் எலும்பு விரிசல் விட்டிருக்காதா, காது தப்பியிருக்குமா? அந்த மெக்கானிக்கிடம் போய்க் கேட்டேன். "யாருக்குத் தெரியும் சார்? கொஞ்சம் கொறஞ்சிருக்கும். எவ்வளவுன்னு சொல்ல முடியாது" என்றார். எதையாவது ஒன்றைத் தீர்மானமாகச் சொல்லியிருக்கலாம் அவர்.

அக்கா வீடு திரும்பிய பிறகு வாரம் ஒருமுறை பட்டினப்பாக்கம் போய் அவரைப் பார்த்தேன். மாடிப்படி ஏறியதும் முதல் வீடு. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பழம் கொண்டுபோவேன். அம்மாவைப் பற்றிக் கேட்பார். "உங்களுக்கு இப்ப எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டால், "நல்லால்ல" என்பார்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, பேசிக்கொண்டிருக்கும்போது தம்பி உள்ளே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. என்னைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பையிலிருந்து ஹெல்மெட்டின் இரண்டு பாதிகளையும் எடுத்து என் முன்னால் தரையில் வைத்தார். தனக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கலாம் என்று சைக்கிள் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். கடைக்காரர் ஸ்டிக்கரை உரித்துப் பார்த்திருக்கிறார்.

"இத்த பாரு சார். உள்ள இந்தப் பக்கம் வெள்ளையா கீது, இது அன்னிக்கி ஒடஞ்சது. இந்தப் பக்கம் பாரு, அழுக்கு ஏறி கறுப்பா கீது. இது பழைய வெடிப்புன்றான் கடக்காரன். மின்னாடியே வுழுந்து ஒடஞ்ச மாலு, ஸ்டிக்கர் ஒட்டி மறச்சிக் குடுத்துக்கறாங்கன்றான். இன்னா சார் இது?"

அக்கா தரையில் கிடந்த பாதிகளைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. பார்த்தவுடன் தெரிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும்டா," என்றார் தம்பியிடம். "சொல்லித்தான் குடுத்தாரு. இது கீழ வுழுந்தது அக்கா, புதுசு வாங்கிக்கன்னுதான் சொன்னாரு. நான்தான் பரவால்ல குடுன்னு வாங்கிகினேன்."

இரண்டு வருஷத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். தடுமாறாமல் சொன்னார். தம்பிக்குச் சந்தேகமே வரவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் வந்திருக்கும். கையிலிருந்த பையைச் சுருட்டினார்.

"மன்ச்சிக்க சார். தப்பா நென்ச்சிட்டேன். குந்து, டீ வாங்கியாறன்," என்று கீழே இறங்கிப் போனார்.

அவர் காலடிச் சத்தம் அடங்கியதும் நான் சொன்னேன். "அக்கா, எனக்குத் தெரியும். இனிமே தாங்காதுன்னு கடையில சொன்னாங்க. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"அந்தக் காது கேக்காது," என்றார். "இப்டி வந்து சொல்லு."

எழுந்தேன். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் அவருக்கு அருகில் தரையில் உட்கார்ந்தேன். முதல்முறை வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. இரண்டாம் முறை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைக்க வேண்டியிருந்தது. முழுக்கக் கேட்டார்.

"நான் கேட்டன் இல்ல, வுழுந்துச்சான்னு?"

"கேட்டீங்க."

"ஆமான்னுருந்தா நானே போயி ஒண்ணு வாங்கியிருப்பனே."

"ஆமாக்கா."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகத் தெரியவில்லை. ஏதோ கணக்கு விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறவர் முகம்போல இருந்தது.

"அவர்கிட்ட ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"அவன் கோவக்காரன். கை நீட்டிருவான். அப்பறம் ஸ்டேஷனு, கேஸு. நான் இப்டி குந்திக்கினுக்கறன், அவனும் உள்ள போனா ஊட்ட யாரு பாக்கறது? ஒனக்கோசரம் சொல்லல."

தம்பி மூன்று கண்ணாடி டம்ளர்களில் டீயோடு வந்தார். அக்கா ஒன்றை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "சாருக்கு ஏதோ வேல கீதாம். கெளம்பறாரு" என்றார்.

நான் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். போய்ட்டு வா என்று அக்கா சொல்லவில்லை. பாதிப் படி இறங்கியபோது பின்னாலேயே தம்பி டம்ளரோடு ஓடிவந்தார்.

"ஒரு வாய் குட்ச்சிட்டுப் போ சார். நீ இல்லன்னா எங்கக்கா இன்னிக்கு இல்ல."

படியிலேயே நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.